வீட்டுச் சமையலறையில் கிருமிப் பரவலைத் தடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் அன்றாடம் வீட்டில் சமைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு எழும் கேள்விகளை முன்வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. உணவகங்களுக்கான விதிமுறைகள், வீட்டுக்குப் பயன்படும் அளவுக்கு மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

நம் சமையலில் எல்லாவற்றையும் கொதிக்க வைக்கிறோமே, பிறகு கிருமி எங்கிருந்து வருகிறது?

நன்றாகக் கொதிக்கும் குழம்பில் நோய் தரும் கிருமிகள் பெரும்பாலும் இறந்துவிடும் என்பது உண்மைதான். ஆட்டிறைச்சியைப் பிரஷர் குக்கரில் வைத்தால் உள்ளே வெப்பம் 120 டிகிரி செல்சியஸை நெருங்கும். ஆனால் கவலைப்பட வேண்டியது குழம்பைப் பற்றி அல்ல, அதன் பக்கத்தில் பரிமாறப்படும் பொருள்களைப் பற்றி. வெள்ளரிக்காய்ப் பச்சடி, தயிர் வெங்காயம், தேங்காய்ச் சட்னி, இறக்கிய பிறகு மேலே தூவும் கொத்தமல்லித் தழை, நறுக்கிய பழம் ஆகிய எதுவும் மறுபடி அடுப்பில் ஏறுவதில்லை. பச்சைக் கோழியைத் தொட்ட கை, அதை வெட்டிய கத்தி, அதன் நீர் சொட்டிய மேடை ஆகியவற்றிலிருந்து இவற்றுக்குத் தாவும் கிருமி அப்படியே வாய்க்குப் போகிறது. ஆகவே சமையலறையில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், அது இனி அடுப்பைப் பார்க்குமா என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தால், இந்தப் பக்கத்தில் உள்ள பல கேள்விகளுக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும்.

இதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் விற்கப்பட்ட இந்திய ரோஜாக்கை உண்டவர்களில் 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், இருவர் உயிரிழந்தனர். பச்சைக் கடலுணவில் இயல்பாகக் காணப்படும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கிருமியே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. பச்சைக் கடலுணவிலிருந்து, உண்பதற்குத் தயாராக இருந்த உணவுக்கு அது பரவியிருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. எண்ணெயில் பொரித்தெடுத்த பண்டங்கள் நிறைந்த ஓர் உணவிலேயே இது நடக்கிறதென்றால், பொரிப்பதும் கொதிக்க வைப்பதும் மட்டும் காவல் ஆகாது என்பது தெளிவு.

கோழியைச் சமைப்பதற்கு முன் கழுவக் கூடாது என்கிறார்களே, அது சரியா?

சரிதான். இருந்தாலும் நம் வீடுகளில் இதைச் சொன்னால் முகம் சுளிக்காதவர் குறைவு. கோழியை மூன்று நான்கு தண்ணீர் மாற்றி, மஞ்சளும் கல் உப்பும் போட்டுப் பிசைந்து அலசினால்தான் கவுச்சி போகும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். கவுச்சி குறைவது உண்மை. கிருமி போவதில்லை. கேம்பிலோபேக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் தோலிலும் சதையிலும் ஒட்டியிருக்கும். அவற்றை அழிப்பதற்குச் சமையலின் வெப்பம் வேண்டும். சமைக்கும்போது இறக்கப் போகும் கிருமியை, கழுவுவதன் மூலம் சிங்க்கிலும் குழாய்ப்பிடியிலும் பக்கத்தில் காய வைத்த தட்டிலும் நாமே தெளித்துவிடுகிறோம். சமையலுக்கு எடுத்துக்கொள்ளும் அளவு மஞ்சளுக்கு இந்தக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் இல்லை.

அமெரிக்க வேளாண் துறை 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. தீங்கில்லாத ஒரு கிருமியை அடையாளத்துக்காகக் கோழியில் சேர்த்து, சமைக்க வந்தவர்களிடம் கொடுத்தார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் சிங்க்கில் அந்தக் கிருமி இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்ய முயன்ற பிறகும் 14 விழுக்காட்டினரின் சிங்க்கில் அது தங்கியிருந்தது. 26 விழுக்காட்டினரின் சாலட் கீரையிலும் அது போய்ச் சேர்ந்திருந்தது. அதே ஆய்வில், கோழியைக் கழுவாதவர்களிலும் 31 விழுக்காட்டினரின் சாலட்டில் கிருமி காணப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கழுவாமல் விடுவது முதல் படி மட்டுமே. கோழியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவாவிட்டால் அந்தப் படியால் பயன் இல்லை.

கழுவாமல் சமைக்க மனம் ஒப்பாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. சிங்க்கையும் அதன் இரு பக்கங்களையும் முதலில் காலி செய்துவிட்டு, ஆழமான பாத்திரம் ஒன்றில் தண்ணீரை முன்கூட்டியே பிடித்துவைத்து, ஓடும் குழாய்க்குக் கீழே காட்டாமல் கோழியை அதில் மெதுவாக அமிழ்த்தி எடுக்கலாம். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றாமல், வடிகுழாய்க்கு அருகில் பாத்திரத்தைச் சாய்த்துக் கொட்ட வேண்டும். உடனே பாத்திரத்தையும் சிங்க்கையும் குழாய்ப்பிடியையும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, கிருமிநாசினி கொண்டும் துடைக்க வேண்டும். இவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து நேராகச் சட்டியில் போடத் தொடங்கிவிடுகிறார்கள்.

மீனையும் கழுவக் கூடாதா?

செதில் எடுத்து வயிற்றைச் சுத்தம் செய்த மீனில் இரத்தமும் செதிலும் ஒட்டியிருக்கும் என்பதால் அதை அலசாமல் சமைக்க முடியாது. ஈரச்சந்தையிலேயே சுத்தம் செய்து வாங்கிவந்தால் வீட்டில் தெறிப்பு வெகுவாகக் குறையும். அலசிய பின் சிங்க்கைக் கோழிக்குச் சொன்னபடியே சுத்தம் செய்ய வேண்டும்.

தேக்கா சந்தையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இறைச்சி கெட்டுவிடுமா?

பயணம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்து, வந்ததும் இறைச்சி குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட்டால் பெரும்பாலும் கவலையில்லை. சந்தைக்குப் போனதும் முதலில் இறைச்சியை வாங்கிவிட்டு, பிறகு மளிகைக் கடை, பூக்கடை, காலைச் சாப்பாடு என்று இரண்டு மணி நேரம் சுற்றுவதுதான் தவறு. இறைச்சியையும் மீனையும் கடைசியாக வாங்குங்கள். வெப்பம் புகாத பையும் ஒரு பனிக்கட்டிப் பொதியும் எடுத்துச் செல்லுங்கள். கோழிப் பையின் முடிச்சு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், பேருந்தில் ஏறி இறங்கும் குலுக்கலில் சிவந்த நீர் கசிந்து, கீழே கிடக்கும் கொத்தமல்லிக் கட்டின் வேரில் இறங்கிவிடும். வீட்டில் அந்தக் கட்டைத்தான் ரசத்தை இறக்கிய பிறகு கிள்ளிப் போடுகிறோம். எனவே கறிக்கு ஒரு பை, காய்க்கு வேறு பை என்று வைத்துக்கொள்வது நல்லது. துணிப் பைகளை அவ்வப்போது சோப்பு போட்டுத் துவைப்பதும் அவசியம்.

வீட்டில் எத்தனை வெட்டுப்பலகைகள் வேண்டும்? மரமா, பிளாஸ்டிக்கா?

குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும். மற்றொன்று காய், பழம், வெந்த உணவு ஆகியவற்றுக்கு. நிறம் வேறாக இருந்தால் வீட்டில் யார் சமைத்தாலும் மாறிப்போகாது. மரமா பிளாஸ்டிக்கா என்ற வாதத்தில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. ஆழமான கீறல் விழுந்து, தேய்த்தாலும் கறை போகாத பலகை எதுவானாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரே பலகை மட்டும் இருக்கும் வீட்டில், காய்களை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிட்டு இறைச்சியைக் கடைசியாக வெட்டினால் போதும்.

அரிவாள்மனை பயன்படுத்தும் பெரியவர்கள், மீன் அரிந்த பிறகு அலகை மட்டும் துடைத்துவிட்டுப் பலகையை விட்டுவிடுவதுண்டு. அலகு கட்டையில் பொருந்தும் இடுக்கில் சதைத் துணுக்கு தங்கும். அங்கே பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். மிக்ஸி ஜாரும் அப்படித்தான். அதன் அடியிலுள்ள அலகைக் கழற்றி, ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான படலம் இருக்கும். கீமா அரைத்த அதே ஜாரில் மறுநாள் சட்னி அரைப்பவர்கள் அந்த வளையத்தைத் தவறாமல் கழற்றிக் கழுவ வேண்டும்.

கையை எப்போது, எவ்வளவு நேரம் கழுவ வேண்டும்? கையுறை போட்டால் போதாதா?

சோப்பு போட்டு, விரலிடுக்கும் நகக்கண்ணும் படும்படி 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். சமைக்கத் தொடங்கும்போது மட்டும் கழுவினால் போதாது. பச்சை இறைச்சியையோ முட்டையையோ தொட்ட பிறகும், மூக்கைச் சிந்திய பிறகும், கழிவறைக்குச் சென்று வந்த பிறகும், குழந்தைக்கு டயப்பர் மாற்றிய பிறகும் கழுவ வேண்டும். கைபேசியில் சமையல் குறிப்பைப் பார்த்துக்கொண்டே கோழியைப் பிசைபவர்கள் அந்தத் திரையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குப்பைக் குழாயின் மூடி சமையலறைக்குள்ளேயே இருக்கும். கோழித் தோலைப் போட மூடியைத் திறந்துவிட்டு நேராகப் பச்சடிக்கு வெள்ளரிக்காய் நறுக்கப் போவது வெகு சாதாரணமாக நடக்கிறது.

கையுறை, கையைவிடச் சுத்தமானது என்ற எண்ணம் தவறு. பச்சை இறைச்சியைத் தொட்ட கையுறையுடன் உப்பு டப்பாவைத் திறந்தால், வெறுங்கையால் திறந்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பானும் சோப்புக்கு ஈடாகாது; நோரோவைரஸ் போன்றவற்றை அது சரிவர அழிப்பதில்லை. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பிசையுங்கள்.

குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி உப்புப் பார்க்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பார்க்க அழகான வழக்கம்தான். நக்கிய கையைக் கழுவாமல் அடுத்த பாத்திரத்தில் வைப்பதுதான் பிரச்சினை. ஒரு சிறு கரண்டியில் ஊற்றிச் சுவைத்துவிட்டு அதைச் சிங்க்கில் போட்டுவிடலாம்.

துணியையும் ஸ்பாஞ்சையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

சமையலறையில் மிக அதிகமான கிருமிகள் குடியிருக்கும் பொருள் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுதான். ஜெர்மனியில் பயன்படுத்திய ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, அவற்றின் ஒரு கன சென்டிமீட்டரில் 5,000 கோடி வரை நுண்ணுயிர்கள் இருக்கக்கூடும் என்று காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை நோய் தருபவை அல்ல. என்றாலும் பச்சை இறைச்சி நீரைத் துடைத்த ஸ்பாஞ்சு, நோய் தருபவற்றையும் வளர்க்கும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நாற்றம் வந்தால் அன்றே எறிந்துவிடுங்கள்.

ஸ்பாஞ்சைவிட எனக்குக் கவலை தருவது கரித்துணி. சூடான சட்டியை இறக்கவும், மேடையைத் துடைக்கவும், ஈரக் கையைத் துடைக்கவும், சில சமயம் பரிமாறும் தட்டைத் துடைக்கவும் ஒரே துணிதான். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் அது ஒருநாளும் முழுமையாகக் காய்வதில்லை. சட்டி பிடிக்க ஒன்று, கை துடைக்க ஒன்று என்று பிரித்து, மேடைக்குக் காகிதத் துண்டைப் பயன்படுத்துங்கள். துணிகளை அன்றன்று சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள்.

சமைத்த சோற்றை இரவு முழுவதும் ரைஸ்குக்கரிலேயே விடலாமா? பழைய சோறு உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

சூடாக வைத்திருக்கும் நிலையில் குக்கர் இயங்கிக்கொண்டிருந்து, சோறு 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை கிருமி பெருகாது. மின்சாரத்தை அணைத்துவிட்டு மூடியும் திறக்காமல் இரவு முழுவதும் விடுவதுதான் ஆபத்தானது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். அவை கொதிநீரிலும் சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. காலையில் அந்தச் சோற்றை எண்ணெயில் தாளித்து எலுமிச்சை சாதமாக்கினாலும் வாந்தி வரலாம். 5 முதல் 60 டிகிரி வரையிலான இடைவெளி கிருமி பெருகும் வெப்பநிலை. பகலில் 31, 32 டிகிரியாக இருக்கும் நம் சமையலறைக் காற்று அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும்.

பழைய சோற்றில் நடப்பது வேறு. நீரூற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நல்ல நுண்ணுயிர்கள் வளர்ந்து புளிப்பேற்றும். அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளை ஓரளவு தடுக்கும். ஆனால் புளிப்பு ஏறுவதற்கு முன்னுள்ள மணி நேரங்களில் சோறு பாதுகாப்பற்ற நிலையில்தான் இருக்கிறது. செய்ய விரும்புவோர், சோறு வெந்ததும் அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, சுத்தமான கரண்டியால் எடுத்து, கொதித்து ஆறிய நீரை ஊற்றி மூடிவைக்கலாம். அப்போதும் ஆபத்து முழுமையாக நீங்கிவிடாது. முதல் நாள் இரவு எல்லாரும் சாப்பிட்ட பானையின் அடியில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றுவது நல்லதல்ல. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தோருக்கும் பழைய சோறு கொடுக்காமல் இருப்பதே சரியென்று நான் கருதுகிறேன்.

பெரிய சட்டியில் மிஞ்சிய குழம்பைச் சூடாகவே குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?

ஆறிய பிறகுதான் வைக்க வேண்டும் என்று நம் அம்மாக்கள் சொன்னதற்குப் பெட்டி பழுதாகிவிடும் என்ற பயம்தான் காரணம். தீபாவளிக்கு வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு பெரிய சட்டியில் ஆறுவதற்கு இரவு முழுவதும் ஆகும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கொதியில் சாகாத வித்துகளாகத் தங்கி, கொதித்ததால் காற்று வெளியேறிய அடர்த்தியான குழம்பில், இளஞ்சூட்டில் அது மிக வேகமாகப் பெருகும்.

எனவே இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்தாக வேண்டும். சட்டியோடு வைக்காமல், விரலளவு உயரமுள்ள தட்டையான டப்பாக்களில் பிரித்து ஊற்றி, ஆவி அடங்கும்வரை சற்று நேரம் திறந்து வைத்துவிட்டு உள்ளே வைக்கலாம். அவசரமாக ஆற வைக்க, டப்பாவை நீரில் நிறுத்தும்போது பனிக்கட்டி சேர்க்க வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் அதற்குப் போதிய குளிர்ச்சியாக இருப்பதில்லை. டப்பாக்களுக்கு இடையே காற்று போக இடம் விடுங்கள். மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தேவையான அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கக் கொதிக்க வைத்து, ஒருமுறைக்கு மேல் சூடாக்காதீர்கள்.

மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடாதா? மணம் நன்றாகத்தானே இருக்கிறது?

உயிருள்ள கிருமி சாகும். ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சு எல்லாச் சமயமும் அழியாது. சோற்றில் உண்டாகும் நஞ்சைப் பற்றி மேலே சொன்னோம். கைகளிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் உண்டாக்கும் நஞ்சும் கொதியைத் தாங்கும். மணத்தையும் சுவையையும் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வேறு, நோய் தருபவை வேறு. ஆகவே மணம் எதையும் நிரூபிப்பதில்லை.

இட்லி மாவும் தேங்காய்ச் சட்னியும்?

மாவைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். புளிப்பு அதற்குக் காவல்; பிறகு ஆவியில் வேகவும் போகிறது. சிங்கப்பூர் வெப்பத்தில் மாவு விரைவாகவே பொங்கிவிடும். பொங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சுத்தமான, ஈரமில்லாத கரண்டியால் மட்டும் எடுங்கள்.

சட்னி நேர்மாறானது. ஈரம், கொழுப்பு, சற்றுப் புரதம் எல்லாம் உண்டு. வெப்பம் படுவதே இல்லை. மேலே ஊற்றும் தாளிப்பு மணத்துக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைத்த சட்னி மேசையில் மூடிவைத்தபடி பகல் தோசைக்கும் வருவதை நிறுத்த வேண்டும். சாப்பிடும் நேரத்துக்குத் தேவையான அளவு அரையுங்கள். மிச்சத்தை உடனே குளிரில் வையுங்கள். மறுநாளுக்கு மேல் வைக்காதீர்கள். சந்தையில் துருவி வாங்கும் தேங்காயையும் இறைச்சிபோல் நினைத்து நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து உறைபெட்டியில் வைக்கலாம்.

உறைந்த கோழியைச் சிங்க்கில் வைத்து உருக விடலாமா?

கூடாது. நடுப்பகுதி இன்னும் பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்பகுதி அறை வெப்பத்துக்கு வந்து, பல மணி நேரம் அதிலேயே நிற்கும். உறைய வைத்தல் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது பல குடும்பங்கள் முதன்முறையாக உறைந்த கோழிக்கு மாறின. அப்போது தொடங்கிய, சிங்க்கில் உருக விடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் நீடிக்கிறது. முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுவது சிறந்த வழி. அவசரமானால் நீர் புகாத பையில் இட்டு, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றலாம். மைக்ரோவேவ் அடுப்பில் உருக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும்.

பிரியாணிக்குத் தயிரும் மசாலாவும் தடவி ஊற வைப்பதும் பெட்டிக்குள்தான் நடக்க வேண்டும். ஊறிய மசாலா மிச்சமானால் அதைக் கொதிக்க வைக்காமல் வெந்த கோழியின்மேல் தடவாதீர்கள்.

குளிர்பதனப் பெட்டியை எப்படி அடுக்குவது?

பச்சை இறைச்சி, மீன் ஆகியவற்றை மூடிய டப்பாவில் கீழ்த்தட்டில் வையுங்கள். வெந்த உணவும் அப்படியே உண்ணும் பொருள்களும் மேலே இருக்கட்டும். வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்குக் கீழும், உறைபெட்டியில் கழித்தல் 18 டிகிரியும் இருக்க வேண்டும். கதவுத் தட்டு மிகவும் வெப்பமான இடம், அங்கே பாலை வைக்காதீர்கள். குளிரிலும் மெல்ல வளரும் லிஸ்டீரியா என்ற கிருமி கருவிலுள்ள குழந்தைக்கு ஆபத்தானது என்பதால், கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் மிச்ச உணவை நீண்ட நாள் வைக்கக் கூடாது.

கோழி வெந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

சிங்கப்பூர் உணவு அமைப்பு உணவின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸையாவது எட்ட வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. நிறத்தையும் எலும்பருகே தெரியும் இரத்தத்தையும் மட்டும் நம்பினால் ஏமாறலாம். பேரங்காடியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் உணவு வெப்பமானியை, எலும்பில் படாமல் தொடையின் தடித்த பகுதியில் குத்திப் பாருங்கள். குழம்புக்கு இது தேவையில்லை. அடுப்பில் சுட்ட முழுக்கோழிக்கும், கீமா உருண்டைக்கும் தேவை. அரைத்த இறைச்சியில் மேற்பரப்பிலிருந்த கிருமி உள்ளே கலந்துவிடுகிறது.

அரைவேக்காட்டு முட்டை சாப்பிடலாமா?

நல்ல உடல்நலமுள்ளவர் கோப்பிக் கடையில் காயா ரொட்டியுடன் சாப்பிடுவது அவரவர் முடிவு. ஆனால் சால்மொனெல்லா என்டரிடிடிஸ் கிருமி முட்டை உருவாகும்போதே உள்ளே புகுந்துவிடக்கூடும். ஓட்டைக் கழுவினால் அது போகாது. இக்கிருமி காணப்பட்டதால் மலேசியப் பண்ணைகள் சிலவற்றின் முட்டைகளை மீட்டுக்கொள்ளும்படி 2021இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு உத்தரவிட்டது. அப்படி அறிவிப்பு வரும்போது, உங்கள் வீட்டு முட்டையின் ஓட்டில் அச்சிட்டுள்ள பண்ணைக் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை வேக வையுங்கள்.

பச்சை மீன் உணவை வீட்டில் செய்யலாமா?

நன்னீர் மீனைக் கொண்டு செய்யக் கூடாது. 2015இல் சிங்கப்பூரில் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் பலருக்குக் கடும் தொற்று ஏற்பட்டது. கஞ்சியுடன் பரிமாறப்பட்ட சோங், தோமான் ஆகிய மீன்களின் பச்சைத் துண்டுகளோடு அதற்குத் தொடர்பு இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், உடனடியாக உண்ணும் பச்சை மீன் உணவுகளில் நன்னீர் மீனைப் பயன்படுத்த உணவு விற்பனையாளர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. சந்தையில் சமைப்பதற்கென விற்கும் மீனை, அது எவ்வளவு புதிதாக இருந்தாலும், எலுமிச்சை பிழிந்து பச்சையாக உண்ணக் கூடாது. எலுமிச்சைச் சாறு மீனின் நிறத்தை மாற்றும், கிருமியை நம்பகமாகக் கொல்லாது.

மேடையைத் துடைக்க பிளீச் பயன்படுத்தலாமா?

முதலில் சோப்பு நீரால் அழுக்கையும் எண்ணெயையும் நீக்குங்கள். அழுக்கின்மேல் பிளீச் வேலை செய்யாது. பிறகு வாசனை சேராத, 5 விழுக்காட்டு வீட்டு பிளீச்சை ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கலந்து தடவி, ஓரிரு நிமிடம் விட்டுக் காற்றில் உலர விடலாம். வினிகருடனோ கழிவறைத் திரவங்களுடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

வீட்டுப் பணிப்பெண்தான் சமைக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

அவருடைய ஊரில் அன்றன்று வாங்கி அன்றன்றே சமைக்கும் வழக்கம் இருந்திருக்கலாம்; குளிர்பதனப் பெட்டியில் எதை எங்கே வைப்பது என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருநாள் பக்கத்தில் நின்று சேர்ந்து சமைத்துக் காட்டுங்கள். பலகையின் நிறங்களை அவர் படிக்கும் மொழியில் எழுதி ஒட்டுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் தயங்காமல் சொல்லலாம் என்ற நம்பிக்கையையும் கொடுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ உள்ளவர், வேலையாளோ வீட்டுக்காரரோ யாரானாலும், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது.

வீட்டு விசேஷத்துக்குக் கேட்டரிங் சொல்லியிருக்கிறோம். மிச்சத்தை விருந்தினருக்குக் கட்டிக் கொடுக்கலாமா?

வேண்டாம். கேட்டரிங் உணவில் எந்த நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்ற குறிப்பு ஒட்டியிருக்கும். சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரம்தான் கெடு. உணவு வந்து, பூசை முடிந்து, உறவினர் வந்து சேர்வதற்குள் பாதிக் கெடு கழிந்துவிடும். கட்டிக் கொடுத்த பொட்டலம் ஈசூனிலிருந்து ஜூரோங்குக்குப் போய் இரவில் திறக்கப்படும்போது அது எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது. விருந்தினரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லையென்றால் வெற்றிலை பாக்கு, பழம், உலர்ந்த பலகாரம் போதும்.

சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால் எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலானோர்க்கு ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடும். அதுவரை நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு சர்க்கரைக் கரைசலை மருந்துக்கடையில் வாங்கி அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எதையும் குடிக்க முடியாத வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ உடனே செல்லுங்கள். கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். கடந்த இரண்டு மூன்று நாள் என்னென்ன சாப்பிட்டீர்கள், கூடச் சாப்பிட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். வெளியில் வாங்கிய உணவின்மேல் சந்தேகம் இருந்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையத்தளம் வழியாகப் புகார் தெரிவிக்கலாம். வாங்கிய ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.